இருந்து செய்யும் வேலைக்கு ஒரு கதிரை

எங்கள் வீட்டில் கதிரைகளுக்கு ஒருநாளும் குறைவு இருந்ததில்லை. விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மனைவியின் சீதனத்தோடு வந்த தேக்கங் கதிரைகள். முற்றத்துப் பக்கம் மாமாவின் சாய்மனைக் கதிரை. ஒரு குடும்பமே ஒரேயடியாக வந்து இறங்கினாலும் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனிதன் காலையிலிருந்து மாலைவரை இருந்து வேலை செய்ய அதில் ஒன்றும் உதவாது. அதைக் கண்டுபிடிக்க என் முதுகு போகவேண்டியிருந்தது.

நான் மொழிபெயர்ப்பாளன். மன்னாரில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வேலை செய்தேன். போர் முடிந்தபின் அவர்கள் வந்தார்கள், வீடு கட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பட்டறைகள் நடத்தினார்கள். கடைசியில் எங்கள் சனம் முன்னேறிவிட்டது என்று ஓர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அறிக்கையைத் தமிழாக்கியவன் நான்தான். சனம் முன்னேறிய அன்றே எனக்கு வேலை போயிற்று. அதன்பிறகு இப்படியான அறிக்கைகளையும் கையேடுகளையும் வீட்டிலிருந்தே மொழிபெயர்த்து அனுப்பி வருகிறேன். முன்னறை மூலையில் யன்னலோரமாக ஒரு மேசை. அதுதான் என் கந்தோர்.

வீடு சீதன வீடு. அதாவது மனைவியின் தகப்பன், மாமாவின் வீடு. மாமா முந்தி வள்ளமும் வலையும் வைத்திருந்த ஆள். கண் மங்கிக் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் விடிய முன்னம் எழும்பிக் கரைக்குப் போய், யார் என்ன மீனோடு வந்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். அவருடைய உலகத்தில் வேலை என்பது நின்று செய்வது. வள்ளத்தில் நிற்பது, இழுப்பது, தூக்குவது. கிழிந்த வலை பொத்துகிறவர்கள்கூட மணலில் குந்தியிருப்பார்களே தவிரக் கதிரையில் இருக்கமாட்டார்கள். கதிரை என்பது வேலை முடிந்தபின் வருவது. நான் காலையிலேயே கதிரையில் ஏறிவிடுவதால், என் வேலை தொடங்க முதலே முடிந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"தம்பி சும்மாதானே இருக்கிறார்" என்று அயலவர்களுக்கும் சொல்லிவைத்திருந்தார். அதனால் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றாலும், காஸ் சிலிண்டர் ஏற்றிவர வேண்டுமென்றாலும், வீட்டு மதிலுக்குள் புகுந்த கழுதையைத் துரத்த வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் எழும்பிப் போவேன். ஒருமுறை மாமா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உதென்ன எழுதுறீர்?" என்று கேட்டார். கரையோர மீனவர்களின் வாழ்வாதாரத்தை வலுப்படுத்துவது பற்றியது என்றேன்.

"எங்களைப் பற்றியோ?"

"ஓம் மாமா."

"எங்களைக் கேக்காமலே எழுதியிருக்கிறாங்களோ?"

அதற்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

முதுகு நோ மெல்ல மெல்லத்தான் தொடங்கியது. முதலில் பின்னேரங்களில் மட்டும் வந்தது. பிறகு காலையிலேயே என்னோடு சேர்ந்து எழும்பியது. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல கதிரை ஒண்டு எடுங்கோ. இப்பிடியே இருந்தால் கொஞ்ச நாளில இருக்கவே ஏலாமப் போகும்" என்றார். எனக்கு இருக்கவே ஏலாமல் போவதென்றால் பிழைப்புப் போவதென்று அர்த்தம். கொழும்பில் ஒரு நிறுவனம் முழுநேர வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. குளிரூட்டிய அறை, நல்ல கதிரை எல்லாம் அங்கே உண்டு. ஐம்பதைத் தாண்டிய வயதில் வெள்ளவத்தையில் ஓர் அறையெடுத்து, கடைச் சாப்பாடு சாப்பிட்டு, மனைவியோடு போனில் மட்டும் குடும்பம் நடத்துவதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. ஆக, வீட்டிலேயே கதிரை கிடைத்தால் மன்னார்த் தீவிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பாலம் தாண்டிப் போக வேண்டும்.

அதுவரை நான் இருந்தது பிளாஸ்டிக் கதிரையில். நேரம் போகப் போக அதன் பின்கால்கள் விரியும். நாமும் அதோடு சேர்ந்து சரிவோம். டொக்டர் சொன்ன பிறகு தேக்கங் கதிரைக்கு மாறினேன். அதன் முதுகுப் பலகையில் திராட்சைக் குலை செதுக்கியிருந்தது. கலியாணத்துக்கு வந்த சனம் அதைப் பார்த்து வாய் பிளந்ததாம். பின்னேரம் சேட்டைக் கழற்றினால் குலை என் முதுகில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த மனைவி பார்த்துவிட்டு, "வடிவாத்தான் பதிஞ்சிருக்கு" என்றாள்.

மாமா பூசைக்குப் போன நேரம் பார்த்துச் சாய்மனைக் கதிரையையும் பரீட்சித்தேன். மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முடித்தேன். அடுத்த பக்கத்தில் நித்திரையாகிவிட்டேன். மாமா திரும்பி வந்தபோது அவருடைய கதிரையில் நான் வாய் திறந்து கிடந்தேன். அவர் இவ்வளவு காலமும் ஊருக்குச் சொல்லிவந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

பிறகு மன்னார்ப் பட்டினத்துத் தளபாடக் கடைக்குப் போனேன். கறுப்பு நிறத்தில், முதலாளிமார் இருக்கிற மாதிரியான பெரிய கதிரை ஒன்று பொலித்தீன் உறைக்குள் இருந்தது. இருந்து பார்க்கலாமா என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வாங்கினாப் பிறகு ஆயுசுக்கும் இருக்கலாம்தானே ஐயா" என்றார்.

வாங்கிவந்த அந்தக் கதிரையின் ஆயுசு அதிகமில்லை. உப்புக் காற்று அதன் இடுப்புக்குள் போய்விட்டது. காலையில் மேசைக்கு மேலே என் நெஞ்சு தெரியும். தேநீர் நேரத்தில் தோள் மட்டும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வரும் நேரத்தில் என் நாடி மேசை விளிம்பில் இருக்கும். மறுபடி கடைக்குப் போய்ச் சொன்னேன். "கொழும்பில எண்டால் நிக்கும் ஐயா. இஞ்சத்தைக் காத்துக்கு நிக்காது" என்றார். நான் கொழும்பில் இல்லையே என்றேன். "அதுதான் பிழை" என்றார். யாரில் பிழை என்பதை அவர் சொல்லவில்லை.

விதியின் பகிடியைப் பாருங்கள். அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்க வந்தது. கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றியது. தொடைகள் தரைக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும், இடுப்புக்கு ஆதரவு இருத்தல் வேண்டும் என்று நான் நல்ல தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது என் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. அந்தக் கையேட்டுக்காக என்னைப் பாராட்டினார்கள். அனுபவித்து எழுதியது மாதிரி இருக்கிறதாம்.

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய்க் குடும்பத்தோடு ஓலைக் கொட்டிலில் தங்கினோம். நிலத்தில் இருந்தோம், நிலத்தில் படுத்தோம். அங்கே இருந்தவரைக்கும் முதுகு ஒரு சத்தமும் போடவில்லை. மாதாவின் புதுமை என்று மனைவி மெழுகுதிரி கொளுத்தினாள். கதிரை இல்லாததன் புதுமை என்று எனக்குப் பட்டது. ஆனால் திருவிழாச் சனத்துக்கு நடுவில் நின்று அதைச் சொல்லுமளவுக்கு எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் இருந்ததும் நோ தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

கடைசியில் கதிரை கிடைத்ததும் ஓர் உதவி நிறுவனத்தால்தான். மிச்சமிருந்த ஒன்று கந்தோரை மூடித் தளபாடங்களை விற்றது. அங்கேயிருந்த பெரியவர் எப்போதும் 'களத்தில்' நின்றவர் என்பதால் அவருடைய கதிரை புத்தம்புதிதாக இருந்தது. வலைத் துணி முதுகு, ஏற்றி இறக்கக்கூடிய கைபிடி, சத்தமில்லாத சில்லுகள். முச்சக்கர வண்டியில் அதைப் பக்கத்தில் வைத்து, பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் முழுக்க அதில் இருந்து வேலை செய்துவிட்டுப் பின்னேரம் எழும்பினேன். ஒரு நோவும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. இனிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மாமா கதிரையை ஒருமுறை சுற்றிவந்து, கீழேயிருந்த கம்பியைத் தட்டிப் பார்த்தார். "பல்லுப் பிடுங்கிறவங்கட கதிரை மாதிரிக் கிடக்கு" என்றார்.

கதிரை கிடைத்ததோடு கரைச்சல் முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலுள்ள நல்ல கதிரை வீட்டுக்காரருக்கு உரியதல்ல. வருகிறவருக்கு உரியது. வந்தவருடைய தகுதிக்கேற்பக் கதிரை போடுவதில் எங்கள் பெண்கள் விட்ட பிழை ஒன்றும் கிடையாது. பங்குத்தந்தை வீடு சந்திக்க வந்தபோது, நான் அரைவாசி வசனத்தில் இருந்தேன். மனைவி வந்து, "எழும்புங்கோ, ஃபாதர் வாறார்" என்றாள். எழும்பினேன். கதிரை சத்தமில்லாமல் உருண்டு முன்னறை நடுவுக்குப் போயிற்று. அதன்மேல் வெள்ளைத் துவாய் விரிக்கப்பட்டது. அவர் போனபின், "எனக்கு வேலை கிடந்தது" என்றேன்.

"அதுக்கு? ஃபாதரைப் பிளாஸ்டிக்கில இருத்தச் சொல்லுறீங்களோ?"

ஞானஸ்நானம் பெற்ற ஒருவனால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

பங்குத்தந்தை இருந்த கதிரை என்றதும் அதன் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. பிறகு கிராம அலுவலர் விதானை வந்து இருந்தார். மனைவியின் பள்ளிக்கூட அதிபர் வந்து இருந்தார். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் இருந்து, ஆடி, சுற்றி, தன் வீட்டிலும் இதே கதிரைதான் என்று சொல்லிவிட்டு நீண்ட நேரம் எழும்பவேயில்லை. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். மேசையில் மடிக்கணினி திறந்தபடி கிடந்தது.

ஆனால் அதெல்லாம் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலக் கதை. பெரிய அடி தவக்காலத்தில் விழுந்தது. ஆண்டவருடைய பாடுகளை நாடகமாக மேடையேற்றும் பாஸ்கு எங்கள் பங்கில் நீண்ட காலத்துக்குப் பிறகு நடக்க இருந்தது. மாமா இளந்தாரியாக இருந்தபோது இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவாக நடித்தவர். இப்போது நடிக்க ஏலாது என்றாலும், மேடைச் சாமான்களுக்கு அவர்தான் பொறுப்பு. ஒருநாள் பட்டினத்துக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், மேசை இருக்கிறது, கதிரையைக் காணவில்லை.

"மாமா, கதிரை எங்க?"

"பிலாத்துவுக்குக் குடுத்திட்டன்."

"எப்ப தருவாங்கள்?"

"பாஸ்கு முடியத்தான். ஒத்திகைக்கும் வேணுமெல்லே. ரோமை ஆளுநர், தம்பி. வாங்குப் பலகையில இருந்தோ தீர்ப்புச் சொல்லுறது?"

"அப்ப நான் எதில இருக்கிறது?"

"சும்மா இருக்கிறதுக்கு எது எண்டால் என்ன?"

கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மாமாவின் வீட்டில், தவக்காலத்தில், ஆண்டவருடைய பாடுகளுக்குக் கொடுத்த ஒரு கதிரைக்காக ஒரு மருமகன் எப்படிச் சண்டை பிடிப்பது? விறாந்தைக்குப் போய் அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து எடுத்தேன். முதுகுக்கு ஒரு தலையணையும் கீழே ஒரு தலையணையும் வைத்து வேலையைத் தொடர்ந்தேன். அப்போது கையில் இருந்தது பெரிய அறிக்கை. அடுத்த நாள் காலை அனுப்பியாக வேண்டும் என்ற நிலையில், மனைவி பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், தண்ணீர் குடிக்க எழும்பினேன். பாதி எழும்பியதோடு சரி. முதுகு பூட்டிக்கொண்டது. மேசையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் சரிந்தேன்.

வீட்டில் மாமா மட்டும்தான் இருந்தார். சத்தம் கேட்டு வந்து, பாய் விரித்து, என்னைப் பிடித்து மெல்லப் படுக்க வைத்தார். "காருக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"இப்ப வேண்டாம் மாமா. அந்தக் கம்பியூட்டரை எடுத்துத் தாங்கோ."

"விசரே உமக்கு? நாளைக்குச் செய்தால் என்ன?"

"நாளைக்கு விடியக் குடுக்கோணும். நான் குடுக்காட்டி வேற ஆளைப் பிடிச்சிடுவாங்கள். பிறகு எனக்கு வேலை வராது."

கடல் ஒருவருக்காகவும் காத்திராது என்று தெரிந்தவருக்கு இது விளங்காத கதையல்ல. மடிக்கணினியைக் கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்தார். அது முகத்தில் சரிந்து சரிந்து விழுந்தது. அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்து, திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டச்சுச் செய்தேன். நோவில் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. மனைவி பள்ளிக்கூடத்தால் வரும்வரை அவர் கையை மாற்றி மாற்றிப் பிடித்தபடியே இருந்தார். நான் வேலை செய்வதை அவர் இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். கதிரையைத் திருப்பி வாங்குகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கோயிலுக்கென்று கொடுத்ததை யாராவது திருப்பிக் கேட்பார்களா?

பாஸ்குவை நான் பின்னால் நின்று பார்த்தேன். இருக்க ஏலாது. சனம் பாயில் இருக்க, நான் மட்டும் நின்றதைப் பக்தி என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். சிவப்புப் பட்டு ஒட்டிய என் கதிரையில் பிலாத்து கம்பீரமாக வந்து இருந்தார். மேடை பின்பக்கம் கொஞ்சம் சரிவு. இந்த இரத்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று அவர் கைகழுவக் கையை நீட்டியபோது, கதிரை தன்பாட்டில் மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. தண்ணீர்ச் செம்போடு சேவகன் பின்னாலேயே போனான். பொறுப்பிலிருந்து நழுவிப் போவதை இவ்வளவு விளக்கமாக அதுவரை யாரும் நடித்துக் காட்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு நோகும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு மாமாவே கதிரையை உருட்டிக்கொண்டு வந்தார். பட்டு ஒட்டிய பசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். சில்லுகளுக்குள் போயிருந்த மணலை ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுத்தார். கொண்டுவந்து மேசைக்கு முன்னால் விட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல முற்றத்துக்குப் போய்விட்டார். எனக்கு மெல்ல மெல்லச் சுகம் வந்தது.

கொஞ்ச நாளில் பங்குக்குப் புதிய சுவாமியார் மாறி வந்தார். அவர் எங்கள் வீடு சந்திக்க வந்த அன்று நான் மேசையில் இருந்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டதும் எழும்பிவிட்டேன். பழக்கதோஷம். மனைவி வழமைபோலத் துவாயோடு வந்து கதிரையின் முதுகில் கை வைத்தாள்.

"அதை விடு பிள்ளை" என்றார் மாமா.

"அப்பா, ஃபாதர் நிக்கிறார்."

"நிக்கட்டும். அது தம்பியின்ர தொழில் கதிரை." சாப்பாட்டு மேசையடியிலிருந்து ஒரு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "சுவாமி இதில இருங்கோ. குறை நினைக்காதேங்கோ. வலையில ஆக்களை இருத்துறேல்லைத்தானே?"

நான் பெருநிலத்தில், பாப்பாமோட்டையில் வயல்காரர் வீட்டில் பிறந்தவன். கலியாணம் முடிந்த புதிதில் கரையில் விரித்திருந்த மாமாவின் வலையைத் தெரியாமல் கடந்துவிட்டேன். வலையைச் சுற்றித்தான் போக வேண்டும். அதை மிதிப்பதும் கடப்பதும் அதில் இருப்பதும் தொழிலை அவமதிப்பது. அன்றைக்கு அவர் வலைக்குத் தீர்த்தம் தெளித்து, என்னோடு நெடுநாள் பேசாமல் இருந்தார். அந்த மனிதர்தான் இப்போது சுவாமியாரை நிற்க வைத்துவிட்டு என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். புதிய சுவாமியாரும் கரையோரத்துப் பிள்ளை. "ஓம் ஓம், அது சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போட்ட கதிரையில் இருந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோடு நின்றேன்.

"நீர் ஏன் நிக்கிறீர் தம்பி? போய் இரும். செய்யிறதைச் செய்யும்" என்றார் மாமா.

உண்மையில் அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. கையில் இருந்ததை முதல் நாளே அனுப்பிவிட்டு, சும்மாதான் இருந்தேன். அதை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போய் இருந்தேன். வீட்டுக்கு வந்த சுவாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் திரையில் மாதாவின் அருள்நிறை மந்திரத்தைத் தட்டச்சுச் செய்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பின்னால் மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது கேட்டது:

"மெல்லக் கதைப்பம் சுவாமி. தொழில் நடக்குது."